முந்நூற்று ஒன்பதாம் அறை

பாய்லர்காரர் அந்த ஓட்டலுக்கு வரத் தொடங்கிப் பதினான்கு வருஷம் ஆகிறது. மாதம் ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை. நகரத்தின் நட்டநடுவில், வங்கிகளுக்கும் வக்கீல் ஆபீசுகளுக்கும் இடையில் செருகி வைத்தது போல ஆறு மாடிக் கட்டடம். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவன் அங்கே தங்க மாட்டான். கழுத்தில் டையை மாட்டிக்கொண்டு வேலையாக வருகிறவன்தான் தங்குவான். பாய்லர்காரரிடம் டை கிடையாது. ஒரு பை உண்டு. அதில் இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, மிச்சமெல்லாம் ஸ்பானர்.

பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அந்த ஓட்டலை நம்பியதில்லை. அறைக்குள் போனதும் அலமாரியைத் திறந்து பார்ப்பார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். துண்டுகளை எண்ணுவார். கிளம்பும்போது மறுபடி எண்ணுவார். ஒரு துண்டு குறைகிறது என்று எவனும் வாயைத் திறந்துவிடக் கூடாது. மேஜைமேல் தண்ணீர் பாட்டில் இருந்தால் தொட மாட்டார். அதில் 'இலவசம்' என்று சீட்டு ஒட்டியிருந்தால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

இரண்டு வருஷமாக இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. அறை எடுக்கும்போது ஒரு பதிவு அட்டை நீட்டுவார்கள். அதில் பன்னிரண்டு விதிகள் பொடி எழுத்தில் இருக்கும். எல்லோரும் பார்க்காமலே கீழே கிறுக்கிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போவார்கள். வாசித்துக் காட்டாமல் பாய்லர்காரர் கையெழுத்துப் போட மாட்டார். பெரிய எழுத்தையே கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். பொடி எழுத்து அவருக்கு எறும்பு ஊர்வது மாதிரி.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமும் அப்படித்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடியம்மா. ஓட்டல் திறந்த நாளிலிருந்து வரவேற்பில் இருக்கிறவள். மூக்கு நுனியில் கண்ணாடி எப்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

"வாசிங்க" என்றார்.

"சார், போன மாசம் வாசிச்ச அதே அட்டைதான். ஒரு எழுத்து மாறல."

"மாறலன்னு நீங்க சொல்றீங்க. அட்டை சொல்லட்டும்."

கண்ணாடியம்மா பெருமூச்சு விட்டு வாசித்தாள். புகை பிடிக்கக் கூடாது. விலை உயர்ந்த பொருளுக்கு ஓட்டல் பொறுப்பல்ல. பின்னால் வரிசை நீண்டது. கழுத்தில் ஒரே மாதிரி அட்டை தொங்கவிட்ட பத்துப் பன்னிரண்டு பேர் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். அவள் கடைசி விதி வரைக்கும் வந்து பேனாவை நீட்டினாள்.

"ஏழாவதை விட்டுட்டீங்க" என்றார் பாய்லர்காரர்.

அவள் அட்டையைப் பார்த்தாள். விட்டுத்தான் இருந்தாள். "உங்களுக்குத்தான் மனப்பாடமே ஆயிடுச்சே, அப்புறம் எதுக்கு சார் என் உயிரை வாங்கறீங்க?"

"விட்டுட்டீங்கல்ல? அதுக்குத்தான்."

ஓட்டலில் அவருக்கு 'வாசிங்க சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அது அவருக்குத் தெரியும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். படிக்காமல் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டு, முப்பது வருஷம் சேர்த்த பேரைத் தொலைத்தது அவன் இல்லையே.

நடந்தது இதுதான். ஊருக்கு வெளியே ஒரு காகித மில். அதன் பாய்லரைப் பன்னிரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவர் இவர். கூட வேலை செய்தவன் மச்சான், அவர் மனைவியின் தம்பி. இவருக்குக் கை, அவனுக்கு எழுத்து. இவர் குழாயைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவன் அதை நோட்டில் எழுதுவான், இவர் கீழே கையெழுத்துப் போடுவார். குடும்பத்துக்குள் இதில் என்ன சந்தேகம்? ஒரு வருஷம் ஆய்வுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். சேஃப்டி வால்வைச் சோதித்துப் பார்த்தால், ஆவி ஏற வேண்டிய அளவு ஏறியும் அது திறக்கவில்லை. தப்பாக முறுக்கி வைத்திருந்தது. நல்லவேளை, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வால்வை முறுக்கியது மச்சான். நோட்டைத் திறந்தால், வால்வைச் சரிபார்த்து வைத்தது பாய்லர்காரர் என்று மச்சானின் கையாலேயே எழுதியிருந்தது. கீழே இவர் கையெழுத்து.

மில் மானேஜர் இவரை வாசலோடு அனுப்பினார். இரண்டே மாதத்தில் மச்சான் சொந்தமாக ஒரு கம்பெனி போர்டு மாட்டி, அதே மில்லுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான்.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வீட்டில் நடந்தது. 'உன் தம்பி என்னைக் கவுத்துட்டான்' என்று மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கையெழுத்து உங்களோடதுதானே? படிக்காம போட்டா அவன் என்ன செய்வான்?" என்றாள். அந்த வார்த்தை இரண்டு வருஷமாக அவர் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் தன் வாயால் 'நீங்க சொன்னதுதாங்க நிஜம்' என்று சொல்ல வேண்டும். அவருக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

"ஓட்டல் நெறைஞ்சு வழியுது சார்" என்றாள் கண்ணாடியம்மா சாவியைத் தேடியபடி. "பல் டாக்டருங்க மாநாடு. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு ரூம் காலி இல்ல. உங்களுக்கு எப்பவும் போல அஞ்சாவது மாடிக் கடைசி ரூமை எடுத்து வச்சிருக்கேன். ஆங், உங்க மச்சான் சாரும் இன்னைக்கு வர்றாரு. வியாழக்கிழமை மில்லுல பாய்லர் ஆய்வாமே? ரெண்டு பேரும் முன்னெல்லாம் ஒண்ணாத்தானே வருவீங்க, பக்கத்துப் பக்கத்து ரூமு."

பாய்லர்காரர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "ஆமாமா. வேலை வேற வேறயாப் போச்சு."

"அவர் தங்க அட்டை மெம்பர். அவங்களுக்குப் புதுசா ஒரு பாரம் வந்திருக்கு. எந்த ரூம் பிடிக்கும், எந்தத் தலையணை, எத்தனை மணிக்கு எழுப்பணும்னு எழுதிக் கொடுத்துட்டா ஒவ்வொரு தடவையும் அப்படியே செஞ்சு தருவோம். போன்ல கேட்டா, 'எல்லாம் நீங்களே ரொப்பி வைங்க, வந்து கையெழுத்துப் போட்டுடறேன்'ங்கறாரு. எனக்கு எப்படி சார் தெரியும் அவருக்கு என்ன பிடிக்கும்னு?"

பாய்லர்காரர் பையைக் கீழே வைத்தார். பின்னால் நின்ற பல் டாக்டர்களிடம் திரும்பி, "ரெண்டு நிமிஷம், குடும்ப விஷயம்" என்றார். பிறகு கண்ணாடியம்மாவிடம் சொன்னார்:

"நான் சொல்றேன், எழுதிக்குங்க. அவனை எனக்குத் தெரியாதா?"

"சொல்லுங்க, சொல்லுங்க. ரூம்?"

"முந்நூத்தி ஒன்பது."

அவள் பேனா நின்றது. "309-ஆ? அதை யாரும் கேட்டு வாங்கறதில்லையே சார். பின்னாடி குழாய்..."

குழாய்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓட்டல் இப்படி நிறைந்திருந்த ஒரு நாளில் அவரை அந்த அறையில் போட்டிருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய் ஏறுகிறது. விடிவதற்கு வெகு முன்பே சலவை அறைக்காரர்கள் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். உடனே குழாய் சுவரை இடிக்க ஆரம்பிக்கும். ஒரே சீராக இடித்தாலாவது காது பழகிவிடும். இது அப்படி இல்லை. டங் என்று ஒன்று. பிறகு சத்தமே இருக்காது. ஓய்ந்துவிட்டது என்று கண்ணை மூடினால் டங், டங். அடுத்தது எப்போது என்று காத்துக்கொண்டே மனிதன் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குழாயைச் சுவரோடு பிடிக்கும் ஒரு கிளாம்ப் கழன்றிருக்கிறது என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. பத்து நிமிஷ வேலை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தொட்ட பிறகு எங்காவது ஒழுகினால் தொட்டவன் தலையில்தான் விடியும்.

"அவன் பாய்லர்காரன்மா. குழாய்ச் சத்தம் காதுல விழுந்தாத்தான் அவனுக்குத் தூக்கமே வரும். ரயில் ஓட்டறவனுக்கு வீட்டுல தூக்கம் வருமா சொல்லுங்க?"

கண்ணாடியம்மா சிரித்துவிட்டு எழுதினாள். "நாங்க என்னமோ அந்த ரூமுக்கு ஆளே இல்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். தலையணை?"

"இருக்கறதுலயே கெட்டி எதுவோ அது. மெத்துனு இருந்தா கழுத்து வலிம்பான். ஏசி நல்லா ஜில்லுனு இருக்கணும். அப்புறம் அந்த எலுமிச்சை வாசனை ஒண்ணு அடிப்பீங்களே, அதைத் தாராளமா அடிங்க."

எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறினால் மச்சானுக்குத் தொடர்ந்து தும்மல் வரும். கல்யாண வீட்டில் ஒரு தடவை பதினேழு வரைக்கும் போனது.

"எழுப்பறது?"

"அஞ்சு மணி. போன் எடுக்கலன்னா ஆளை அனுப்பிக் கதவைத் தட்டணும். எழுந்திருச்சு நின்னு பதில் சொல்ற வரைக்கும் தட்டணும். அவன் பொறுப்பான பையன்."

"எவ்வளவு அக்கறை சார் உங்களுக்கு!"

"இருக்காதா? பொண்டாட்டி தம்பி." கொஞ்சம் நிறுத்தி, "வாசிங்க" என்றார்.

அவள் வாசித்தாள். இந்தத் தடவை ஒன்றும் விட்டுப்போகவில்லை.

பாய்லர்காரர் அறைக்குப் போகவில்லை. கூடத்தின் ஓரத்து சோபாவில், பெரிய பூந்தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். அரை மணி கழித்து மச்சான் வந்தான். உருட்டுப் பெட்டி, பளபளப்பான ஷூ, தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போன். "வியாழக்கிழமை முடிச்சுடலாம் சார், இன்ஸ்பெக்டர் நம்ம ஆளுதான்" என்று எவனிடமோ பேசிக்கொண்டே வந்தான். கண்ணாடியம்மா காகிதங்களை வரிசையாக வைத்தாள். "சார், ஒரு தடவை பார்த்துட்டு..." என்று அவள் தொடங்கினாள். அவன் கையால் 'சரி சரி' என்று காட்டிவிட்டு, போனில் சிரித்தபடியே நான்கு இடத்தில் கிறுக்கினான். காகிதத்தைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

பாய்லர்காரருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தக் கிறுக்கலைப் பார்க்க அவர் இன்னும் ஆறு மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பார்.

லிஃப்ட்டுக்குப் போகும் வழியில் மச்சான் அவரைப் பார்த்துவிட்டான். நடை ஒரு கணம் தடுமாறியது.

"அத்தான்... நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

இரண்டு வருஷமாக இவ்வளவுதான் பேச்சு.

செவ்வாய்க்கிழமை காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் பாய்லர்காரர் முதல் ஆளாகப் போய், வாசலைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்துகொண்டார். ஏழரைக்கு மச்சான் வந்தான். கண் இரண்டும் தக்காளி. மூக்கு அதைவிடச் சிவப்பு. தங்க அட்டைக்காரன் என்பதால் பரிமாறுகிறவர் ஒரு தட்டில் பழம் நறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். மச்சான் அந்தத் தட்டின் மேலேயே தும்மினான்.

"என்னப்பா, ராத்திரி தூங்கலையா?" என்றார் பாய்லர்காரர், ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே. அவராக வாய் திறந்து பேசியதில் அவனுக்கு ஆச்சரியம்.

"அதை ஏன் அத்தான் கேக்கறீங்க? சுவத்துக்குள்ள எவனோ சுத்தியல் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். ரெண்டு மணியிலேர்ந்து இடி. அதுக்கு மேல அஞ்சு மணிக்கு ஒருத்தன் வந்து கதவை ஒடைக்கறான். 'போப்பா'ன்னு சொன்னா, 'எழுந்து நிக்கறீங்களா சார்'ங்கறான்!"

"அடப்பாவமே. ரூமை மாத்தச் சொல்றதுதானே?"

"காலியே இல்லையாம். எல்லா ரூமுலயும் பல் டாக்டருங்க."

"பாரு, பல்லு இருக்கறவனுக்குத்தான் காலம்" என்றார் பாய்லர்காரர். அன்றைக்கு அவர் இரண்டு முட்டை கூடுதலாகச் சாப்பிட்டார்.

புதன்கிழமை இன்னும் மோசம். மச்சான் காப்பியில் உப்பைப் போட்டுக் கலக்கினான். குடித்தான். குடித்தது தெரியாமலே இன்னொரு மடக்கும் குடித்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. பக்கத்து மேஜையிலிருந்த வயதான பல் டாக்டர் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் கடைசியில் கேட்டுவிட்டார்: "தம்பி, ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களா? தாடையைப் பார்த்தாலே தெரியுது."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்!" என்று மச்சான் கத்தினான். கூடமே திரும்பிப் பார்த்தது.

"கடிக்கறார்" என்று டாக்டர் தன் மேஜைக்காரரிடம் முடிவாகச் சொன்னார்.

பாய்லர்காரர் தலையைக் குனிந்துகொண்டு காப்பியை ஊதினார். ஊதினால்தான் சிரிப்பு வெளியே வராது. இரண்டு வருஷம் இவரும் பல்லைக் கடித்தார். தாடையைப் பார்த்து எவன் கேட்டான்?

அன்று பகலில் அவர் ஒரு ஆஸ்பத்திரியின் பாய்லரைப் பார்த்து முடித்தார். மில் போனபின் கிடைத்த சில்லறை வேலைகளில் அது ஒன்று. ஐந்து மணிக்கு ஓட்டலுக்குத் திரும்பும்போதே வாசல் வரைக்கும் மச்சானின் குரல் கேட்டது. அவர் ஓசைப்படாமல் பூந்தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு மில்லுல மீட்டரையே தப்பாப் படிச்சுட்டேன்மா! மானேஜர் எல்லார் முன்னாடியும் கேக்கறாரு, 'நாளைக்கும் இப்படித்தான்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்'னு. எனக்கு இன்னைக்கு ஒரு ராத்திரி தூங்கியாகணும். தங்க அட்டைன்னு ஒண்ணைக் கொடுத்துட்டு ஓட்டலிலேயே கேவலமான ரூமைத் தள்ளி விடறீங்களே, நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

"சார், அது நீங்க கேட்ட ரூம்."

"நானா? எந்த மடையன் கேப்பான் அதை?"

கண்ணாடியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இழுப்பறையிலிருந்து பாரத்தை எடுத்து அவன் முன்னால் விரித்தாள். மூக்கில் வழுக்கிய கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றினாள்.

"அறை 309. கெட்டித் தலையணை. எலுமிச்சை வாசனை. அஞ்சு மணிக்குக் கதவைத் தட்டணும். கீழ பாருங்க. கையெழுத்து உங்களோடதுதானே சார்?"

பாய்லர்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. அவள் இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று இருந்தது.

"நான் படிக்கலையே..." மச்சானின் குரல் இறங்கிவிட்டது. "யாரு இதையெல்லாம் எழுதச் சொன்னது?"

"உங்க அத்தான்தான். பாவம், உங்களுக்கு என்னென்ன பிடிக்கும்னு ஒவ்வொண்ணா யோசிச்சு யோசிச்சுச் சொன்னாரு."

மச்சான் மெதுவாகத் திரும்பினான். பூந்தொட்டி இலைகளுக்கு நடுவில் பாய்லர்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவன் வந்து எதிரே நின்றான். அடிக்கக்கூட வந்திருப்பான். ஆனால் உடம்பில் தெம்பில்லை. பக்கத்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தான்.

"ஏன் அத்தான்?"

"ஏன்னா கேக்கறே?"

அவன் சிவந்த கண்ணைக் கசக்கினான்.

"படிக்காம போட்டியா?" என்றார் பாய்லர்காரர். "நானும் அப்படித்தான் போட்டேன். நீ என் வீட்டுப் பையன்னு நம்பிப் போட்டேன். நீ எதை நம்பிப் போட்டே?"

"தப்புதான் அத்தான். அன்னைக்குப் பயத்துல எழுதிட்டேன். வால்வைச் சரியா வச்சேனான்னு எனக்கே சந்தேகம். ஏதாவது ஆச்சுன்னா உங்க பேருக்கு இருக்கற மதிப்புல விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்." கையெடுத்துக் கும்பிடவே போனான். "நாளைக்கு மில்லு போச்சுன்னா நான் நடுத்தெருவுலதான். ஒரு ராத்திரி. என்ன வேணும்னாலும் சொல்லுங்க, செய்யறேன்."

பாய்லர்காரர் சட்டைப் பையிலிருந்து தன் அறைச் சாவியை எடுத்து, நடுவிலிருந்த கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

"அஞ்சாவது மாடி, கடைசி ரூம். ஒரு சத்தம் கிடையாது. எடுத்துக்கோ. நான் உன் ரூமுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி உங்க அக்காவுக்குப் போன் போடு. வால்வை முறுக்குனது யாரு, நோட்டுல எழுதுனது யாருன்னு உன் வாயால சொல்லு. எனக்குக் கேக்கற மாதிரி வை. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லாதே."

மச்சான் சாவியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். "இது வேண்டாம் அத்தான். வேற எது வேணும்னாலும்..."

"இதான்."

அவன் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். நாலு தடவை மணி அடித்தது. பாய்லர்காரர் முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவு கேட்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, இந்நேரத்துல?" என்றது மனைவியின் குரல். "சாப்பிட்டியா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா, தூக்கம் இல்ல. அக்கா... ஒரு விஷயம் சொல்லணும். மில்லுல அந்த வால்வைத் தப்பா வச்சது நான்தான். அத்தான் அதைத் தொடவே இல்ல. நோட்டுல அத்தான் பேரை எழுதிக் கையெழுத்து வாங்குனதும் நான்தான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பாய்லர்காரர் முன்னால் குனிந்தார்.

"இதை எதுக்குடா இப்ப மறுபடி சொல்லிக்கிட்டிருக்கே?" என்றாள் அவள். "அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லி அழுதாச்சு. நானும் பார்த்துக்கறேன்னு சொல்லியாச்சு. சும்மா கிளறாதே. அவர் காதுல விழுந்து வைக்கப் போகுது."

மச்சான் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பாய்லர்காரர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் பக்கம் வாயைக் கொண்டுபோய்ச் சொன்னார்:

"விழுந்துடுச்சு."

அவள் குரல் வேறு ஆளுடையது மாதிரி வந்தது. "என்னங்க... நீங்க அங்கயா இருக்கீங்க? இந்தாங்க, நான் சொல்றதைக் கேளுங்க. அவனுக்கு அப்ப ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க கைக்குழந்தையா இருந்துச்சு. ஒரு வேலையிலயும் நிக்காத பையன். உங்களுக்கு வேலை தெரியும், எங்க போனாலும் பொழைச்சுக்குவீங்கன்னு நெனச்சேன். உங்களால தாங்க முடியும்னுதான்..."

பாய்லர்காரர் ஒரு விரலால் போனை அணைத்தார். வால்வை மூடுகிற அதே நிதானத்தோடு.

"அத்தான், அக்காவை ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றான் மச்சான்.

"நான் என்னத்தைச் சொல்லப் போறேன்?" சாவியை அவன் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கோ. பேசுனது பேசுனதுதான். துண்டு நாலு இருக்கு, எண்ணி வச்சுக்கோ."

அன்றைக்கு 309-இல் குழாய் தன் வேலையைச் சரியாகச் செய்தது. பாய்லர்காரர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பை காலடியில் இருந்தது. எந்த ஸ்பானர் பொருந்தும் என்றுகூட அவருக்குத் தெரியும். கையை வைக்கவில்லை. குழாயா அவரைத் தூங்கவிடாமல் செய்தது? இரண்டு வருஷம். அத்தனை நாளும் அவள் தெரிந்துகொண்டே சோறு போட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டே, அவர் புலம்பும்போதெல்லாம், 'கையெழுத்து உங்களோடதுதானே' என்று வாயை அடைத்திருக்கிறாள். தம்பி பயத்தில் ஒரு தடவை எழுதினான். இவள் நிதானமாக, விளக்கைப் போடுவது மாதிரி, நாள் தவறாமல் சொன்னாள். அவனைத் தூங்கவிடாமல் செய்ய ஒரு குழாய் போதும். இவளுக்கு என்ன செய்வது என்று விடிகிற வரைக்கும் யோசித்தார். ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினார்கள். "நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று உள்ளிருந்து சொன்னார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மச்சான், நன்றாகத் தூங்கி மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு மில்லுக்குப் போனான். அவரைப் பார்க்கத் தைரியமில்லாமல், ஐந்தாவது மாடிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுச் சுவர் ஓரமாகவே நடந்தான். அவன் அறை திரும்பவும் அவனுக்கு. சாயங்காலம் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவான்.

"மச்சான் சார் பாரத்தை மாத்திடவா?" என்று கண்ணாடியம்மா கேட்டாள். அவளுக்கு இப்போது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்திருந்தது. கேட்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"அவனா வந்து மாத்திக்கட்டும். படிச்சுப் பார்க்கற ஆளா இருந்தா. இல்லன்னா மாசா மாசம் 309-லயே கிடக்கட்டும்." பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். "நான் இன்னைக்குக் கிளம்பல. இன்னும் பத்து நாள் இருக்கேன்."

"வேலை இழுத்துக்கிச்சா சார்?"

"ஆமா. அந்தத் தங்க அட்டை எனக்கும் ஒண்ணு போடுங்க."

பதினான்கு வருஷமாக வேண்டாம் என்று தள்ளிய அட்டை. கண்ணாடியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. புதுப் பாரம் ஒன்றை எடுத்தாள். அறை? அந்தக் கடைசி ரூமே இருக்கட்டும். தலையணை? எதுவானாலும் சரி. எழுப்புவது? வேண்டாம். கடைசியில் 'வேறு விருப்பங்கள்' என்று ஒரு கட்டம்.

"அதுல எழுதுங்க" என்றார். "வீட்டுலேர்ந்து போன் வந்தா, நான் இல்லன்னு சொல்லணும்."

அவள் பேனாவைத் தூக்கிவிட்டாள். "சார், காலையிலேர்ந்து நாலு தடவை அம்மா கூப்பிட்டுட்டாங்க. உங்க செல்லு அணைஞ்சிருக்காம். ஆறு மணிக்கு முதல் போன். அழறாங்க சார்."

"எழுதுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"பாரம் எத்தனை நாளைக்குச் செல்லும்?"

"அது... நீங்களா மாத்தற வரைக்கும்."

"அவ்வளவு நாளைக்கு."

கண்ணாடியம்மா எழுதினாள். கேட்காமலே பாரத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள். பெயர், அறை, தலையணை என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஒண்ணை விட்டுட்டீங்க" என்றார் பாய்லர்காரர்.

அதையும் வாசித்தாள். தாழ்ந்த குரலில், ஆனால் முழுசாக வாசித்தாள். அவர் பாரத்தைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டித் தன் பெயரைச் சரிபார்த்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து முடியவும் மேஜைமேல் இருந்த போன் அடித்தது.

கண்ணாடியம்மா அவரைப் பார்த்தாள். அவர் பாரத்தைக் காட்டினார்.

"வணக்கம்மா" என்றாள் அவள் போனில். "இல்லம்மா... அவர் இல்லீங்கம்மா." ரிசீவருக்குள்ளிருந்து மனைவியின் குரல் கொசு ரீங்காரம் போலக் கேட்டது. ஒரு முழத் தூரத்தில் நின்று, அது ஓய்கிற வரைக்கும் பாய்லர்காரர் கேட்டார். பிறகு பேனாவுக்கு மூடி போட்டார். அது ஓட்டல் பேனா. நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று, மேஜையின் நடுவில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தார்.